பேரப்பேச்சில் அறம்

பேரப்பேச்சில் அறம் என்பது, விலை, கூலி, வாடகை, கடன், பங்கு போன்றவற்றைப் பேசி முடிவு செய்யும் இரு தரப்பினர் ஒருவரிடம் ஒருவர் எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம், எந்த அளவுக்கு நெருக்கலாம் என்பதற்கான வரம்புகளைக் குறிக்கும். பேரம் பேசுவதே தவறு என்று பெரும்பாலான சமூகங்கள் கருதியதில்லை. விற்பவர் கூடுதலாகக் கேட்பதும் வாங்குபவர் குறைத்துக் கேட்பதும் இயல்பு. கேட்ட விலையே கடைசி விலை என்று இருவரும் நம்புவதில்லை என்பதால் அதைப் பொய் என்றும் யாரும் சொல்வதில்லை. சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது. நோயுள்ள மாட்டை நோயற்றது என்று சொல்வது, இல்லாத ஒரு வாங்குபவரை இருப்பதாகக் காட்டுவது, கடன்பட்டவரின் நெருக்கடியை வைத்து விலையை அடிப்பது, இடைநின்று பேசுபவர் இரண்டு பக்கமும் இரண்டு விலை சொல்வது ஆகியவை பேரத்திறமையில் சேருமா, ஏமாற்றில் சேருமா என்பதுதான் கேள்வி.

இதை மேலாண்மைப் பாடநூல்கள் பெரும்பாலும் நிறுவனங்களின் ஒப்பந்த மேசையை வைத்தே விளக்குகின்றன. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நாள்தோறும் எழும் இடம் சந்தை. தருமபுரி மாவட்டத்தின் கடத்தூரும் அதைச் சுற்றியுள்ள சந்தைகளும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

கடத்தூர்ப் பகுதிச் சந்தைகள்

கடத்தூர், தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. (திருப்பூர் மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு.) 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மாவட்டத்தில் மழையையும் கிணற்றையும் நம்பிய சிறு உழவர்களே மிகுதி. கடத்தூரின் வெற்றிலை வாரச்சந்தை இப்பகுதியில் பெயர் பெற்றது. சுற்றுப்புறக் கொடிக்கால்களில் பறித்த வெற்றிலை கட்டுகளாக அடுக்கப்பட்டு, மூட்டைகளாக இங்கே வந்து சேர்கிறது. அரூரில் மஞ்சளும் பருத்தியும் ஏலம் போகின்றன. பாலக்கோட்டில் தக்காளிச் சந்தை உள்ளது. காரிமங்கலம், கோபிநாதம்பட்டி கூட்டுரோடு ஆகிய இடங்களில் ஆடுமாடு விற்கும் சந்தைகள் கூடுகின்றன. தருமபுரி நகரில் அரசின் பட்டுக்கூடு ஏல அங்காடி இயங்குகிறது.

இந்தப் பொருள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பேரத்தின் அடிப்படை விதி ஒன்று தெரியும். மஞ்சளை உழவர் வீட்டில் வைத்திருக்க முடியும். வெற்றிலை வாடும், தக்காளி அழுகும். பட்டுக்கூட்டை உரிய நாளுக்குள் விற்காவிட்டால் உள்ளிருக்கும் பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிவிடும். துளை விழுந்த கூட்டிலிருந்து அறுபடாத நூல் எடுக்க முடியாது. ஆகவே மஞ்சள் விற்பவரால் "இந்த விலைக்கு வேண்டாம்" என்று எழுந்து போக முடியும். வெற்றிலை விற்பவரால் அவ்வளவு எளிதாக முடியாது. நேரம் ஆக ஆக அவருடைய குரல் தணிந்துவிடும். திருமண நாள்கள் குறைந்த ஆடியிலும் மார்கழியிலும் நிலைமை இன்னும் மோசம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-இல் வெளியிட்ட 'கெட்டிங் டு யெஸ்' என்ற நூல், பேசுபவரின் வலிமை அவருடைய பேச்சுத்திறனைவிடப் பேச்சு முறிந்தால் அவருக்கு இருக்கும் மாற்று வழியைப் பொறுத்தது என்று விளக்கியது. கொடிக்கால் வைத்திருப்பவர் எவருக்கும் இது புதிய செய்தியாக இருக்காது.

துண்டுக்குள் பேசும் விலை

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் விலையை வாயால் சொல்லாமல் கையால் பேசும் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. இருவர் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வர். உள்ளே ஒருவர் மற்றவரின் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல் பிடிக்கப்படுகிறது என்பது எண். அது ஆயிரமா நூறா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். ஒப்பாவிட்டால் விரலை விடுவித்துக்கொண்டு வேறு விரல்களைப் பிடிக்க வேண்டும். சுற்றி நூறு பேர் நின்றாலும் பேரம் நடப்பது தெரியுமே தவிர விலை தெரியாது. இத்துடன் தரகர்களுக்குள் மட்டும் புரியும் எண் பெயர்களும் உண்டு. நன்னூல் படித்த மாணவர்கள் இதைக் குழூஉக்குறி என்று உடனே அடையாளம் காண்பர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதாக உரைகளில் வரும் எடுத்துக்காட்டுக்கு மாட்டுத் தரகரின் பேச்சு இன்றைய இணை.

இந்த மறைவு அறமற்றது என்று சிலர் உடனே முடிவு கட்டிவிடுகின்றனர். அது அவசர முடிவு. துண்டுக்கு நியாயமான பயன்கள் உண்டு. மகளின் திருமணத்துக்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ மாட்டை விற்க வந்தவர் எவ்வளவுக்கு இறங்கினார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு மாடு மலிவாகப் போனது வெளியே தெரிந்தால், அதை அடுத்து நிற்கும் மாடுகளின் விலையும் விழும். மூன்றாம் மனிதரிடமிருந்து விலையை மறைப்பது ஒன்று, பேரத்தில் உள்ளவரிடமிருந்தே மறைப்பது வேறொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குழப்பம் உண்மையாகவே நேர்வது தரகரிடத்தில்தான். விற்பவரும் வாங்குபவரும் நேரே கை கோத்தால் துண்டுக்குள் பொய்க்கு இடம் குறைவு. தரகர் முதலில் ஒருவர் கையையும் பிறகு மற்றவர் கையையும் தனித்தனியே பிடிக்கும்போது இரண்டு விலைகள் பிறக்க வழியுண்டு. எடுத்துக்காட்டாக, வாங்குபவர் 45,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்ள, விற்பவரிடம் 42,000 என்று விரல் பிடித்தால், இடையிலுள்ள 3,000 ரூபாய் தரகுக்கு மேல் கிடைத்த தரகாக மாறிவிடும். தரகு பெறுவதில் தவறில்லை. ஆளைத் தேடிக் கொண்டுவந்து, மாட்டை மதிப்பிட்டு, இருவரையும் ஓர் எண்ணில் சேர்ப்பது உழைப்புதான். அதற்கு இவ்வளவு என்று இருவரும் அறிந்து கொடுப்பது கூலி. அறியாமல் போவது அப்படியன்று.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, முகவர்களைப் பற்றிய தன் பத்தாம் அத்தியாயத்தில் இதைத் தெளிவாகவே கையாள்கிறது. கேட்டால் கணக்குக் காட்ட வேண்டியது முகவரின் கடமை (பிரிவு 213). முதல்வர் அறியாமல் முகவர் அதே வேலையில் தனக்காக வியாபாரம் செய்தால், அதில் கிடைத்த ஆதாயத்தை முதல்வர் கேட்டுப் பெறலாம் (பிரிவு 216). அந்தப் பிரிவின் விளக்கக் கதை ஒரு வீட்டைப் பற்றியது: வீட்டை வாங்கித் தரச் சொன்னவரிடம் "அது கிடைக்காது" என்று சொல்லிவிட்டு முகவர் தானே வாங்கிக்கொண்டால், வாங்கிய விலைக்கே அதைத் தந்துவிடும்படி முதல்வர் கட்டாயப்படுத்த முடியும். வீட்டுக்குப் பதில் கறவை மாட்டை வைத்தாலும் விதி மாறாது. ஆனால் துண்டுக்குள் நடந்ததற்குச் சான்று இருக்காது. சந்தையில் எழும் இத்தகைய பூசல்கள் நீதிமன்றப் படி ஏறுவது அரிது.

பல்லும் மடியும்

மாடு வாங்குவோர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர். பால்பல் விழுந்து நிலைப்பல் இரண்டிரண்டாக முளைப்பதை வைத்து வயதைக் கணிக்கலாம்: இரண்டு பல், நான்கு பல், ஆறு பல். எட்டும் முளைத்துவிட்டால் 'கடை சேர்ந்தது' என்பர். அதற்குப் பின் வயதைத் துல்லியமாகச் சொல்வது கடினம். பல் கண்ணுக்குத் தெரிவதால் அதில் பொய் சொல்வது எளிதன்று. பாலின் அளவோ சந்தையில் தெரிவதில்லை. முந்தைய வேளையில் கறக்காமல் மடி கனக்க ஓட்டி வந்தால், குறைந்த கறவையுள்ள மாடும் நிறைந்த கறவையுள்ளது போலத் தோன்றும். இது வாங்குபவரை ஏமாற்றுவதோடு மாட்டுக்கும் வலி தரும் செயல்.

வாங்குபவர் பக்கமும் தூய்மையானது என்று சொல்ல முடியாது. சுழி சரியில்லை என்று குறை சொல்லி விலையைக் குறைப்பது சந்தையில் பழைய உத்தி. குறை சொன்னவருக்கே சில வேளை அதில் நம்பிக்கை இருக்காது. விற்பவருக்கு நம்பிக்கை இருந்துவிட்டால் போதும்.

இப்படி ஒரு பக்கத்துக்கு மட்டும் உண்மை தெரிந்த சந்தை என்னவாகும் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்டது பழைய கார்ச் சந்தை. எது நல்ல கார், எது பழுதுள்ளது என்று வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே கொடுப்பார். நல்ல காரை வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். மீதியிருப்பதில் பழுதுகளின் பங்கு கூடும், விலை இன்னும் இறங்கும். இந்தத் துறையில் ஆற்றிய பணிக்காக 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. கார் என்ற இடத்தில் கறவை மாடு என்று வாசித்தாலும் வாதம் அப்படியே பொருந்தும். நல்ல கறவையை வைத்திருப்பவர்கள் சந்தைக்கு ஓட்டி வராமல் தெரிந்தவர்களுக்கே வீட்டுத் தொழுவத்தில் வைத்து விற்க விரும்புவதற்கு இது ஒரு காரணம். பொய் சொன்னவர் ஒருவர். அதற்கு விலை கொடுப்பவர்களில் பொய் சொல்லாத விற்பனையாளரும் இருக்கிறார்.

மௌனம் எப்போது பொய்யாகும்

விற்பவர் பொய் சொல்லவில்லை, வெறுமனே பேசாமல் இருந்தார் என்றால்? பேரத்தின் அறத்தில் மிகக் கடினமான கேள்வி இதுதான். ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மோசடியை வரையறுக்கும்போது இதற்கும் விடை தேடுகிறது. பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் மௌனம் மட்டும் மோசடியாகாது என்பது பொது விதி. அதற்குச் சட்டமே தரும் நான்கு எடுத்துக்காட்டுகள் சந்தையிலிருந்து எடுத்தவை போலவே இருக்கின்றன.

குதிரையில் குறை இருப்பதை அறிந்த ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார். குறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இது மோசடியன்று. வாங்குபவர் விற்பவரின் மகள், அப்போதுதான் உரிய வயதை அடைந்தவள் என்றால் கதை வேறு. அந்த உறவே குறையைச் சொல்லும் கடமையை உண்டாக்குகிறது. மூன்றாவது நுட்பமானது: "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்ல நிலையில் உள்ளதாக எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்ல, விற்பவர் வாய் திறக்காமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். நான்காவது வணிகர்களைப் பற்றியது. இரு வணிகரில் ஒருவருக்கு மட்டும் விலை மாற்றம் பற்றிய தனிச்செய்தி தெரியும். அதை மற்றவருக்குச் சொல்ல அவர் கடமைப்பட்டவர் அல்லர்.

இந்த நான்கிலிருந்து மாணவர்கள் ஒரு நடைமுறைப் பாடம் பெறலாம். நேராகக் கேட்பது பேரத்தின் சட்டநிலையையே மாற்றுகிறது. "பாலு எவ்வளவுங்க கறக்குது?" என்று கேட்டு, அதை நான்கு பேர் முன்னிலையில் கேட்பவர், மடியைப் பார்த்து மனக்கணக்குப் போடுபவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார்.

நான்காவது எடுத்துக்காட்டு மட்டும் நெருடலானது. வெளியூர்ச் சந்தையில் விலை ஏறிவிட்டதைக் கைப்பேசியில் அறிந்த வியாபாரி, அதை அறியாத உழவரிடம் நேற்றைய விலைக்கு வெற்றிலையை வாங்கினால் சட்டம் குறை சொல்லாது. சட்டம் இருவரையும் வணிகர் என்று சமமாக வைத்துப் பார்க்கிறது. வெளியூர் விலையை அறிவதையே தொழிலாகக் கொண்டவரும், வாரம் முழுவதும் கொடிக்காலில் நின்றவரும் சமமானவர்கள் அல்லர். இவ்விடத்தில் சட்டத்தின் எல்லையும் அறத்தின் எல்லையும் ஒன்றாக இல்லை.

பழந்தமிழ் நூல்கள் இதில் சட்டத்தைவிடக் கடுமையானவை. திருக்குறள் வணிகருக்கான அறத்தை நடுவுநிலைமை என்னும் பன்னிரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் வைக்கிறது. பிறர் பொருளையும் தன் பொருள் போலக் கருத வேண்டும் என்பது அதன் கருத்து. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாராட்டுவது அவர்களுடைய செல்வத்துக்காக மட்டுமன்று. கூடுதலாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடுக்காமலும் அவர்கள் நடந்துகொண்டதற்காகவும்தான்.

நெருக்கடியை விலையாக்குதல்

வெற்றிலையானாலும் தக்காளியானாலும் பல உழவர்கள் சாகுபடிக்கு முன்பே மண்டிக்காரரிடமோ வியாபாரியிடமோ முன்பணம் வாங்குகின்றனர். வங்கிக் கடனுக்கு வேண்டிய பத்திரம் இல்லாதவருக்கும் குத்தகை நிலத்தில் பயிர் செய்பவருக்கும் இது உடனடி உதவி. அதற்கு ஈடாக விளைச்சலை அவரிடமே கொண்டுவர வேண்டும் என்பது பேச்சு. விற்கும் நாளில் வேறு யாரிடமும் விலை கேட்க முடியாத நிலை இப்படி உருவாகிறது. விலையைச் சொல்பவரும் எடை போடுபவரும் கழிவு பிடிப்பவரும் கடன் கொடுத்தவரும் ஒருவரே. அங்கே நடப்பதைப் பேரம் என்று அழைப்பதே பொருந்தாது.

இதையும் ஒப்பந்தச் சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது. 16-ஆம் பிரிவு, ஒருவர் மற்றவரின் விருப்பத்தையே ஆட்டிப்படைக்கும் நிலையில் இருந்து அதை நியாயமற்ற ஆதாயத்துக்குப் பயன்படுத்துவதைத் 'தகாத செல்வாக்கு' என்கிறது. இரண்டு எடுத்துக்காட்டுகள் அருகருகே வருகின்றன. ஊர் வட்டிக்காரரிடம் ஏற்கெனவே கடன்பட்டவர், மனச்சான்றுக்கு ஒவ்வாதவை என்று தோன்றும் நிபந்தனைகளில் மீண்டும் கடன் வாங்கினால், தகாத செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வட்டிக்காரருடையது. அடுத்ததில், பணத்தட்டுப்பாடு உள்ள காலத்தில் வங்கியர் வழக்கத்துக்கு மீறிய வட்டி கேட்கிறார், வந்தவர் ஒப்புக்கொள்கிறார். இது இயல்பான வணிகம். வட்டி உயர்ந்தது என்பது மட்டும் தவறாகாது. மற்றவர் தப்பிக்க வழியில்லாதபடி முன்பே கட்டப்பட்டிருந்தாரா என்பதுதான் பார்க்கப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்ததும், இவ்வகை உறவுகளில் 'நீதானே ஒப்புக்கொண்டாய்' என்ற வாதம் செல்லாது என்ற எண்ணத்தில்தான்.

முன்பணம் கொடுப்பவர் எல்லாரும் கொடியவர் என்று கொள்ளவும் தேவையில்லை. பயிர் கெட்ட ஆண்டில் கடனைத் தள்ளி வைப்பவரும் அவரே. முன்பணத்தையும் விலையையும் வேறு வேறாக வைப்பது, அதாவது அன்றைய சந்தை விலையை முழுதாகக் கொடுத்துவிட்டுக் கடனைத் தனிக் கணக்கில் கழிப்பது, இந்த உறவை நேர்மையாக நடத்தும் வழி. இரண்டும் ஒரே சீட்டில் கலந்துவிட்டால் உழவர் எதில் எவ்வளவு இழந்தார் என்பது அவருக்கே தெரியாது.

ஏலத்தில் நடப்பவை

ஏலம் பேரத்தின் ஒரு வகை. அதில் தவறு இரண்டு பக்கமும் நேரலாம். விற்பவர் தன் ஆளையே கூட்டத்தில் நிறுத்தி விலையை ஏற்றினால், பொருள் விற்பனைச் சட்டம் 1930-இன் 64-ஆம் பிரிவின்படி அந்த விற்பனையை வாங்கியவர் தள்ளுபடி செய்யலாம். இதன் மறுபக்கம், வாங்குவோர் முன்கூட்டியே கூடிப் பேசி, "இன்றைக்கு இதற்கு மேல் யாரும் கேட்க வேண்டாம்" என்று முடிவு செய்வது. இப்படி ஏலத்தில் கூட்டுச் சேர்வதைப் போட்டிச் சட்டம் 2002-இன் 3-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஒரு சிறு சந்தையில் நான்கைந்து வியாபாரிகள் தேநீர்க்கடையில் நின்று பேசியதை மெய்ப்பிப்பது யாருக்கு முடியும் என்பது வேறு கேள்வி. வாங்குவோரின் எண்ணிக்கை கூடும்போதுதான் இத்தகைய கூட்டு தானாக உடைகிறது. வெளி மாவட்ட வியாபாரிகள் வந்து போகும் சந்தையை உள்ளூர் உழவர்கள் விரும்புவதற்குப் பொருள் உண்டு.

அரசு நடத்தும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் இந்தச் சிக்கலுக்கு மறைமுக ஏலம் என்ற முறை உள்ளது. குவியல்களுக்கு எண் இடப்படும். வியாபாரிகள் சுற்றிப் பார்த்துத் தங்கள் விலையைச் சீட்டில் எழுதிப் போடுவர். பின்னர் பிரித்துப் பார்த்து உயர்ந்த விலை அறிவிக்கப்படும். அந்த விலையை ஏற்பதும் மறுப்பதும் உழவரின் உரிமை. துண்டும் மறைக்கிறது, சீட்டும் மறைக்கிறது. ஆனால் சீட்டு, வாங்குவோரை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துவிட்டு, முடிவை விற்பவருக்குத் திறந்து காட்டுகிறது. துண்டுக்குள் தரகர் வைத்திருக்கும் அறிவு இங்கே உழவர் கைக்கு வந்துவிடுகிறது. 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்ட மின்னணு தேசிய வேளாண் சந்தை இதையே கணினி வழியாக, வெளியூர் வியாபாரிகளும் விலை கேட்கும்படி விரிவாக்க முயல்கிறது.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலில் திறக்கப்பட்ட உழவர் சந்தை வேறு வழியில் சென்றது. அங்கே காலையில் விலைப்பலகை எழுதப்படுகிறது. பேரமே பெரிதும் இல்லாமல் போகிறது. காய்கறிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஒரு மாட்டுக்கும் இன்னொரு மாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலகையில் எழுத முடியாது என்பதால் மாட்டுச் சந்தைக்குப் பொருந்தாது.

அடுத்த வாரமும் வரும் சந்தை

சட்டம் எட்டாத இடங்களில் சந்தையைக் காப்பது பெரும்பாலும் அதன் கிழமைதான். அமெரிக்க அரசறிவியலாளர் ராபர்ட் ஆக்சல்ராடு 1984-இல் வெளியிட்ட நூலில், இரண்டு பேர் மீண்டும் மீண்டும் சந்திக்க நேரும்போது, தன்னலம் மட்டுமே கொண்டவர்களிடத்திலும் ஒத்துழைப்பு வளரும் என்று கணினிப் போட்டிகளின் வழியாகக் காட்டினார். வாரச்சந்தை அத்தகைய இடம். இந்த வாரம் கட்டுக்குள் வாடிய இலையை மறைத்து அடுக்கியவரின் மூட்டையை அடுத்த வாரம் வியாபாரி பிரித்துக் கொட்டிப் பார்ப்பார். எடையில் ஏமாற்றிய வியாபாரியைத் தாண்டி உழவர் அடுத்த ஆளிடம் போவார். ஒருமுறை மட்டும் வந்து போகும் வெளியூர்க்காரரிடத்திலும், ஊரை விட்டே போகிறவரிடத்திலும் இந்தக் காவல் வேலை செய்வதில்லை. முன்பணத்தில் கட்டுண்டவருக்கும் அடுத்த ஆளிடம் போகும் வாய்ப்பு இல்லை.

மறைமுக ஏலத்தில் விலையை மறுக்கும் உரிமையும் இதே போன்ற ஒரு தடையில் சிக்குகிறது. வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுவந்த மூட்டையை மீண்டும் வாடகை கொடுத்து வீட்டுக்கு ஏற்றிச் செல்ல வேண்டும் என்றால், மறுப்பு தாளில் மட்டுமே இருக்கும் உரிமை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் கிடங்கில் இடம் தருவதும், இருப்பு வைத்த விளைபொருளின் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாகத் தருவதும் இதற்காகத்தான். மஞ்சளுக்கும் பயறுக்கும் அந்த வாய்ப்பு உண்டு. கடத்தூருக்கு வரும் வெற்றிலை மூட்டையைக் கிடங்கில் வைத்துக் கடன் வாங்க முடியாது. அதை அவிழ்த்த அன்றே விலை பேசி முடித்தாக வேண்டும்.